ஈச்சங்காட்டு மண்

ஜூன் 10

டாக்டர் சொன்னதால் எழுதுகிறேன். இல்லாவிட்டால் எனக்கும் பேனாவுக்கும் என்ன சம்பந்தம். "என்ன சாப்பிட்டார், பிரஷர் எவ்வளவு, என்ன வார்த்தை வாயில் வந்தது, தினமும் எழுதிக் கொண்டு வாங்கம்மா" என்றார். மின்வாரியத்தில் எப்போதோ கொடுத்த பழைய டைரி என் வீட்டுக்காரர் மேசையில் கிடந்தது. கிழமைகள் ஒத்து வராது. தேதியை மட்டும் பார்த்தால் போதும்.

பக்கவாதத்தில் போன அவருடைய வலது கையும் காலும் இன்னும் வரவில்லை. நடுமூளையா இடமூளையா, படம் போட்டுக் காட்டினார்கள், எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பேச்சு போய்விட்டது என்பது மட்டும் விளங்கியது. ஒரே ஒரு வார்த்தை மிச்சம் இருக்கிறது. "ஆமா."

தண்ணி வேணுமாங்க? ஆமா. வேண்டாமா? ஆமா. நர்ஸ் பெண் சிரித்துவிட்டாள். முப்பத்தைந்து வருஷம் நான் சொன்ன எதற்கும் ஆமா போடாத மனுஷன். இப்போது எல்லாவற்றுக்கும் போடுகிறார். எனக்கும் சிரிப்புத்தான் வந்தது, கழிவறைக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன்.

வெள்ளிக்கிழமை வீட்டுக்கு அனுப்புகிறார்களாம். மாடியேற முடியாது. முன்னறையைக் காலி செய்ய வேண்டும். அங்கேதான் அவருடைய தகரங்கள் இருக்கின்றன.

ஜூன் 12

இன்றைக்குச் செய்த வேலையை எழுதினால் எனக்கே பெருமையாக இருக்கும்.

என் வீட்டுக்காரர் லைன் இன்ஸ்பெக்டராக இருந்தவர். நொய்யல் கரை நெடுக எத்தனை காடு தோட்டத்தில் கம்பம் நட்டிருப்பாரோ. குழி தோண்டும்போது வரும் பழம்பானை ஓட்டுத்துண்டு, பாசிமணி, சங்கு வளையல் துண்டு, இரும்புக் கசடு, எதையும் விடமாட்டார். சாப்பாட்டுத் தூக்கில் போட்டு வீட்டுக்குக் கொண்டு வருவார். ரசம் வாசத்தோடு இரண்டாயிரம் வருஷத்துச் சாமான் வரும். ரிட்டயர் ஆன பிறகு மழை பெய்த மறுநாள் வரப்பு வரப்பாக நடந்து பொறுக்கினார். எல்லாம் பிஸ்கட் தகரங்களில், மண்ணும் மசியுமாக. "தொடாத, நீ தொட்டா கெட்டுப் போயிரும்" என்பார். ஏற்கெனவே புதைந்து கிடந்த ஓட்டில் இன்னும் கெட்டுப்போக என்ன இருக்கிறது என்று நானும் கேட்டுப் பார்த்துவிட்டேன்.

அவர் வருவதற்குள் அத்தனையையும் வெளியே எடுத்தேன். அண்டாவில் கொட்டி ஊறவைத்து, தேங்காய் நாரும் பாத்திரப் பொடியும் போட்டு ஒவ்வொன்றாகத் தேய்த்தேன். மண் கட்டி கட்டியாகக் கரைந்து வந்தது. ஒரு தகரத்தில் செம்மண், ஒன்றில் கரிசல், ஒன்றில் அடுப்புச் சாம்பல் மாதிரி. வாளி வாளியாகக் கழனித்தண்ணி மாதிரிக் கலங்கல். வீணாக்காமல் கறிவேப்பிலை மரத்துக்கு ஊற்றினேன். எழுத்துப் போட்ட ஓடு ஒன்று உண்டு, அதுதான் அவருக்கு உயிர். அதைப் பழைய பல்துலக்கும் பிரஷ் வைத்து எழுத்துக்குள் எல்லாம் தேய்த்தேன். பளிச்சென்று ஆகிவிட்டது.

சிவப்பு ஓடெல்லாம் ஒரு எவர்சில்வர் தட்டில், கறுப்பு ஒரு தட்டில், பாசிகள் ஒரு கிண்ணத்தில், வளையல் துண்டுகள் ஒரு கிண்ணத்தில். ஷோகேஸில் இருந்த பொம்மைகளை எடுத்துவிட்டு அங்கே அடுக்கினேன். தகரங்களையும் கழுவி வெயிலில் காயவைத்துப் பரணில் கவிழ்த்தாயிற்று. அவர் கட்டிலில் படுத்தபடியே பார்க்கலாம்.

முதுகு விட்டுப் போயிற்று. பரவாயில்லை.

ஜூன் 13

வந்துவிட்டார். ஆம்புலன்ஸ் பையன்கள் கட்டிலில் படுக்கவைத்ததும் முகத்தை ஷோகேஸ் பக்கம் திருப்பிவிட்டேன். "பாருங்க" என்றேன்.

பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். கண்ணில் தண்ணீர் வழிந்தது. "ஆமா, ஆமா, ஆமா" என்றார். இடது கையால் கட்டில் கம்பியைத் தட்டினார்.

இந்த நோய்க்காரர்கள் சீக்கிரம் அழுதுவிடுவார்கள், பயப்படாதீர்கள் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். சந்தோஷம்தான், வேறென்ன.

கஞ்சி அரை டம்ளர். வார்த்தை: ஆமா.

ஜூன் 16

இட்லி இரண்டு. பிரஷர் 150/90. வார்த்தை: ஆமா.

ஜூன் 19

காலையிலிருந்து பரணைக் காட்டிக் காட்டி ஒரே பிடிவாதம். ஸ்டூல் போட்டு ஏறி ஒரு தகரத்தை எடுத்துக் கொடுத்தேன். மடியில் வைத்துக்கொண்டு மூடியைத் திறந்தார். உள்ளே கையை விட்டு அடியில் தடவினார். மூலை மூலையாக நகத்தால் சுரண்டினார். பிறகு தகரத்தைத் தள்ளிவிட்டார். அது உருண்டு போய்க் கதவில் மோதியது.

பிஸ்கட் கேட்கிறார் என்று நினைத்து இரண்டு பிஸ்கட் கொடுத்தேன். சர்க்கரை இருக்கிறது, இருந்தாலும் ஆசைக்குத்தானே. கையில் வைத்துக்கொண்டே இருந்தார். சாப்பிடவில்லை.

சோறு கொஞ்சம், கீரை. வார்த்தை: ஆமா.

ஜூன் 24

தனசேகரன் வந்தார். டிராயிங் மாஸ்டராக இருந்தவர். ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் சேர்ந்துதான் காட்டுக்குக் கிளம்புவார்கள். எனக்குத் தம்பி மாதிரி. ஆஸ்பத்திரியிலும் வந்து பார்த்தார், இன்றைக்கு வந்தது வேறு விஷயமாக.

"அக்கா, ஈச்சங்காடு கைமாறியிருச்சுங்க. சைட்டுப் பிரிக்கறாங்களாமா. அடுத்த மாசம் பொக்லைன் எறங்கீருமாட்டிருக்குது."

போகட்டும், அதற்கு நாம் என்ன செய்வது என்றேன்.

"தொல்லியல்ல ஒரு மேடம் இருக்கறாங்க. அவுங்ககிட்டச் சொன்னேன். எழுத்துப் போட்ட ஓடு அந்தக் காட்டுல கெடச்சதுன்னு ருசுவாத் தெரிஞ்சா, வேலைய நிறுத்தச் சொல்லி எழுதறேன்னாங்க. இல்லாட்டி ஆருங்க்கா கேப்பா? இப்பவே மேல கிராவலைக் கொட்டி மூடீட்டாங்க, ஒண்ணும் கண்ணுக்குத் தெரியாது."

"அது எங்க கெடச்சுதுன்னு உங்குளுக்குத் தெரியாதுங்களா?"

"அண்ணன் சொன்னாத்தானுங்களே."

அது உண்மைதான். முன்னொரு காலத்தில் எங்கோ ஒரு பழங்காலத்துச் சமாதிக் கற்குவியலைப் பற்றி நண்பர்களிடம் வாய்விட்டுச் சொன்னார். ஒரு வாரத்தில் புதையல் தேடுகிறவர்கள் வந்து அந்த இடத்தைக் குத்திக் கிளறிவிட்டார்கள். அன்றோடு வாயை மூடிக்கொண்டார். எந்தக் காடு என்று தனசேகரனுக்கும் சொல்வதில்லை, எழுதியும் வைப்பதில்லை. என்னிடமும்தான். "உங்கிட்டச் சொன்னா உன்ற தங்கச்சிக்குப் போகும், அவகிட்டச் சொன்னா ஊருக்கே போகும்" என்பார். எழுத்து ஓடு கிடைத்தது கோயில்காடு, ஆத்துமேடு, ஈச்சங்காடு, இந்த மூன்றில் ஏதோ ஒன்றில் என்பது மட்டும் இரண்டு பேருக்கும் தெரியும். தனசேகரனுக்கு ஈச்சங்காடு என்று ஒரு நினைப்பு. நினைப்புத்தான்.

"ஆனா கவலையில்லீங்க்கா" என்றார். "அண்ணன் ஒவ்வொண்ணையும் அந்தந்தக் காட்டு மண்ணோடயே போட்டு வெச்சிருப்பாரு. அதுதான் அவருக்குக் கணக்கு. மண்ணப் பாத்தா எந்தக் காடுன்னு நானே சொல்லீருவேன். தகரத்தை எடுங்க."

ஷோகேஸைக் காட்டினேன்.

தனசேகரன் எழுந்து போய் கண்ணாடிக்கு முன்னால் நின்றார். நான் கொடுத்த காபி ஆறிப் போயிற்று. கடைசியில், "மண்ணு எங்கீங்க்கா?" என்றார்.

"எந்த மண்ணு?" என்று கேட்டேன்.

ஜூன் 25

மண்ணைப் போய் யாராவது பத்திரப்படுத்துவார்களா. சொல்லி வைத்திருக்க வேண்டாமா. தொடாதே என்றால் தொடாதே என்பதற்கு ஒரு காரணம் சொல்ல வேண்டாமா. மனுஷனுக்கு வாய் இருந்த காலத்தில் அதை எதற்கு வைத்திருந்தார்.

எனக்குத் தலைவலி. மதியம் சமைக்கவில்லை, ரொட்டியும் பாலும்.

ஜூன் 28

தனசேகரனோடு தொல்லியல் மேடம் வந்தாள். கயல்விழி என்று பெயர். மேடம் என்கிறார்களே, முப்பது வயதுகூட இருக்காது. செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வந்ததும் நேராக அவர் காலடியில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அது எனக்குப் பிடித்திருந்தது.

"ஐயா, இந்த ஓடு ஈச்சங்காட்டுல எடுத்ததுங்களா?"

"ஆமா."

தனசேகரன் துள்ளினார். அவள் கையமர்த்தினாள்.

"ஆத்துமேட்டுலயா ஐயா?"

"ஆமா."

"கோயில்காட்டுலயா?"

"ஆமா."

கொஞ்சம் தயங்கிவிட்டு, "சென்னையில கடையில வாங்கினதா?" என்று கேட்டாள்.

அவர் அவளை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையில் எல்லாம் இருந்தது. லைன்மேன்கள் வேலையைக் கெடுத்துவிட்டு வந்து நிற்கும்போது அப்படித்தான் பார்ப்பார். அவருக்கு எல்லாம் விளங்குகிறது. உள்ளே மனுஷன் முழுசாக உட்கார்ந்திருக்கிறார். ஆனால் வாய் திறந்தபோது வந்தது, "ஆமா."

வேர்த்துவிட்டது அவருக்கு. துண்டால் துடைத்துவிட்டேன்.

ஓட்டைக் கையில் எடுத்து, வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். "நல்லாக் கழுவிட்டீங்கம்மா" என்றாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை. எழுத்துப் பள்ளத்தில் துளி மண் ஒட்டியிருந்தாலும் போதுமாம், பரிசோதனைக்கு அனுப்பிப் பார்த்திருக்கலாமாம்.

என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். பாதி உடைந்து போயிற்று, ஒரு பெண் பெயரின் கடைசிப் பாதி மாதிரி இருக்கிறது என்றாள். பானைக்காரி தன் பானை என்று அடையாளம் தெரியப் பெயரைக் கீறி வைத்திருக்கிறாளாம்.

அது எனக்குத் தெரியும். அவர் இதைக் கொண்டு வந்த அன்றைக்குச் சொன்னார். "நீ சொம்புல பேரு வெட்டிக்கறயே, அதேதான் சுலோச்சனா. விசேஷ வீட்டுக்குக் குடுத்தா மாறிப் போயிரும்னு எழுதி வெச்சிருக்கறா." அன்றைக்கு வந்து நின்ற முகம் அப்படியே நினைவிருக்கிறது. வேர்வை, வெயில், காலெல்லாம் மண். என்ன நிற மண் என்று மட்டும் நினைவில்லை. வாசலிலேயே கால் கழுவச் சொல்லிவிட்டேன்.

ஜூலை 2

தனசேகரன் மறுபடி வந்தார். இவர் காதில் விழக்கூடாது என்று என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டார்.

"அக்கா, நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும். அண்ணன் ஈச்சங்காட்டுலதான் எடுத்தாரு, நான் கூட இருந்தேன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. சம்சாரம் சொன்னா நம்பித்தான ஆகோணும்?"

"அப்புறம் தோண்டிப் பாத்து ஒண்ணும் இல்லீனா?"

"இல்லாட்டி இல்ல. அப்ப காடாவது தப்பிச்சிருமில்லீங்."

அவர் போன பிறகு கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். "நான் பொய் சொல்லட்டுமாங்க?" என்று கேட்டேன்.

"ஆமா."

"சொல்லாம இருந்துக்கட்டுமா?"

"ஆமா."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. நோயாளி என்றுகூடப் பார்க்கவில்லை, கத்திவிட்டேன். ஒரு மண்ணும் புரியவில்லை எனக்கு, உங்களுக்கு உங்கள் காடு, எனக்கு என்ன, எக்கேடோ கெட்டுப் போகட்டும் என்றெல்லாம். அவர் இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். விடவே இல்லை. பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது.

ஜூலை 4

கயல்விழிக்குப் போன் செய்தேன். வார்த்தைக்கு வார்த்தை மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். "அது ஈச்சங்காட்டுலதான் கண்ணு கெடச்சுது" என்றேன்.

 "அம்மா, நீங்க கூட இருந்து பாத்தீங்களா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

பார்த்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை. வராமலே போய்விட்டது. ஒருமுறை இவர்களுடைய பழம்பொருள் சங்கத்தில் ஒருவர் சந்தையில் வாங்கிய பழங்காசை ஆற்றில் கண்டெடுத்தேன் என்று சொல்லிவிட்டாராம். அந்த ஆள் சாகும்வரை அவரோடு பேசவில்லை என் வீட்டுக்காரர். சாவுக்குப் போனார், மாலை போட்டார், அப்போதும் "காசு பொய்" என்று சொல்லிவிட்டுத்தான் வந்தார். அப்படிப்பட்ட என் மனுஷன் இரண்டடி தள்ளிக் கட்டிலில் கிடந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்ல கண்ணு" என்று வைத்துவிட்டேன்.

ஜூலை 5

அவரிடம் சொல்லிவிட்டேன். தெரியாமல் இருக்காது, இருந்தாலும் என் வாயால் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. தலைக்குச் சீயக்காய் தேய்த்துக்கொண்டிருந்தபோது சொன்னேன். "மண்ணையெல்லாம் நான்தானுங்க கழுவி ஊத்தீட்டேன். நீங்க வரும்போது நல்லா இருக்கட்டும்னு செஞ்சேன்."

கண்ணை மூடிக்கொண்டார். நுரை கண்ணில் பட்டதோ என்னவோ.

வார்த்தை: இன்று ஒன்றும் வரவில்லை.

ஜூலை 8

தோசை ஒன்று. பிரஷர் 160/100. வார்த்தை: ஆமா.

ஜூலை 11

பொக்லைன் இறங்கிவிட்டதாம். தனசேகரன் போனில் சொன்னார். பெரிய ஆட்களின் இடம், வாசலில் ஆள் போட்டிருக்கிறார்கள், உள்ளே விடவில்லையாம். கயல்விழி மேலே எழுதிப் போட்டிருக்கிறாளாம். ஆதாரம் இல்லாமல் எழுதினால் அந்தக் காகிதம் எந்த மேசையில் தூங்குமோ.

இவரிடம் சொல்லவில்லை. ஆனால் லாரிகள் எங்கள் தெரு வழியாகத்தான் போகின்றன. மண் ஏற்றிய லாரி போனால் ஷோகேஸ் கண்ணாடி அதிர்கிறது. ஒவ்வொரு முறையும் தலையைத் திருப்பிப் பார்க்கிறார்.

ஜூலை 12

லாரி.

ஜூலை 13

இன்றும்.

ஜூலை 20

வேலை முடிந்துவிட்டது, வாசலில் இப்போது காவல் ஆள் இல்லை என்று தனசேகரன் சொன்னார். இவரைக் கூட்டிப் போகலாம் என்று எனக்குத்தான் தோன்றியது. எதற்கு என்று கேட்டால் சொல்லத் தெரியாது. செத்த வீட்டுக்குப் போய் முகம் பார்த்துவிட்டு வருவதில்லையா.

தெரிந்த ஆட்டோக்காரரை வரச் சொன்னோம். சக்கர நாற்காலியை மடித்துப் பின்னால் கட்டிக்கொண்டார். தனசேகரனும் கூட வர, காலை வெயில் ஏறுவதற்குள் போய்விட்டோம்.

ஈச்சங்காடு மேடாக இருக்குமென்று அவர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். இப்போது கேரம்போர்டு மாதிரி இருக்கிறது. வெள்ளைக் கல் நட்டு, கயிறு கட்டி, ரோடு விட்டிருக்கிறார்கள். ஒரு பலகையில் நகர் என்று ஏதோ பேர். ஓரத்தில் பக்கத்துக் காட்டுக்காரரின் எல்லை வருவதால் அங்கே மட்டும் வெட்டாமல் விட்டிருந்தார்கள். ஆளுயரத்துக்கு மண் சுவர் மாதிரி நின்றது. மேலே செம்மண். நடுவே ஒரு முழ உயரத்துக்குச் சாம்பல் நிறம்.

நாற்காலியை அந்தச் சுவர் பக்கம் தள்ளும்படி கையைக் காட்டினார். தள்ளினோம். இடது கையை நீட்டி அந்தச் சாம்பல் நிறத்தைத் தொட்டார். பிறகு விரலால் நோண்டி நோண்டி உதிர்த்து, தன் மடியில் போட்டுக்கொண்டார். தனசேகரன் உதவிக்குப் போனார், தட்டிவிட்டார். வேட்டி மடி நிறையும் வரை அவரேதான் எடுத்தார். நகத்தில் ரத்தம் கசிந்தது. நாங்கள் இருவரும் சும்மா நின்றுகொண்டிருந்தோம்.

வீட்டுக்கு வந்ததும் பரணைக் காட்டினார். தகரத்தை எடுத்துக் கொடுத்தேன். இந்த முறை பிஸ்கட் கொடுக்கவில்லை. மடி மண்ணை அதில் தட்டினார். அடுத்து ஷோகேஸ். நான் தட்டுகளை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து காட்டினேன். சிவப்பு ஓட்டுத் தட்டு முழுவதையும் கையால் விலக்கினார். கறுப்புத் தட்டில் ரொம்ப நேரம் துழாவி இரண்டு துண்டு எடுத்தார். பாசிக் கிண்ணத்திலிருந்து ஒரே ஒரு நீலப்பாசி. மற்றவற்றை ஏறிட்டும் பார்க்கவில்லை. ஒவ்வொரு துண்டுக்கும் எது வீடு என்று தெரிந்த மாதிரி, தயக்கமே இல்லை.

கடைசியாக எழுத்துப் போட்ட ஓட்டை எடுத்தார். சட்டையில் ஒருமுறை துடைத்தார். எழுத்து கீழே பார்க்கும்படி சாம்பல் மண்ணில் வைத்து அமுக்கினார். மேலே இன்னும் கொஞ்சம் மண்ணைத் தள்ளி மூடினார். தகரத்தை மூடி, என் மடியில் வைத்தார்.

ஈச்சங்காடுதான். தனசேகரன் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

ஒரு மாதமாக அவர் வாயைத்தான் கேட்டுக்கொண்டிருந்தோம். மூன்று காட்டு மண்ணையும் மூன்று தட்டில் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்திருந்தால் அன்றைக்கே கையால் சொல்லியிருப்பார். படித்த பெண் ஒருத்தி, டிராயிங் மாஸ்டர் ஒருவர், முப்பத்தைந்து வருஷம் கூட இருந்த நான், ஒருவருக்கும் தோன்றவில்லை. தாங்க முடியவில்லை எனக்கு.

கயல்விழிக்குப் போன் போட்டுச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். "மண்ணு எங்கம்மா கொண்டு போனாங்க?" என்றாள். புறவழிச் சாலைக்கு மேடு போட என்றேன். "சரிங்கம்மா" என்றாள். வேறு என்ன சொல்வாள், பாவம்.

மூன்று இட்லி சாப்பிட்டார். நோய் வந்த பிறகு இதுதான் அதிகம். வார்த்தை: ஆமா. நான் எதுவும் கேட்காமலே சொன்னார்.

ஜூலை 21

காலையில் துணி துவைத்தேன். வேட்டி மடியில் சாம்பல் கறை போகவில்லை, நான் அழுத்தித் தேய்க்கவும் இல்லை. தகரத்தைப் பரணில் ஏற்றாமல் அவர் தலைமாட்டில் வைத்திருக்கிறேன். மூடியில் ஆணியால் ஈச்சங்காடு என்று கீறிவிட்டேன், சொம்பில் பேர் வெட்டுகிற மாதிரி. கீறலை இடது விரலால் தடவிப் பார்த்தார்.

மற்ற தட்டுகள் ஷோகேஸில் பளபளவென்று இருக்கின்றன. அவை எந்தக் காடு என்று அவர் கைக்குத் தெரியும். கோயில்காட்டுக்கும் ஆத்துமேட்டுக்கும் போய் மண் எடுத்து வர வேண்டும். தனசேகரனிடம் சொல்லியிருக்கிறேன்.

அந்த மண் கரைந்த தண்ணீரை ஊற்றிய கறிவேப்பிலை மரம் என்றைக்கும் இல்லாமல் தளதளவென்று துளிர்த்திருக்கிறது. மதியம் ரசம் தாளிக்க ஒடிக்கப் போனவள், கிளையைப் பிடித்தபடி நின்றுவிட்டேன். பிறகு செருப்பைப் போட்டுக்கொண்டு போய், கடையில் கறிவேப்பிலை வாங்கி வந்தேன்.